குப்பை வாளி நாறாமல் உரமாவது எப்படி?

வீட்டிலேயே உரம் போடலாம் என்று ஆசையோடு ஆரம்பிக்கும் பலர் ஒரே மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். பழைய வாளி ஒன்றில் காய்கறித் தோலையும் டீத்தூளையும் போட்டு இறுக மூடி வைக்கிறார்கள். பத்து நாள் கழித்துத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம், அடியில் கறுப்புத் தண்ணீர், ஓரமெல்லாம் நெளியும் புழு. கடையில் நுண்ணுயிர்ப் பொடி வாங்கித் தூவிப் பார்க்கிறார்கள், நாற்றம் அடங்குவதில்லை. இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று வாளியோடு கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறார்கள்.

அந்த வாளியில் குறைந்தது சருகு. ஈரக் கழிவு எவ்வளவு போகிறதோ அதே அளவுக்குக் குறையாமல் நொறுக்கிய சருகும் கூடவே போயிருந்தால் நாற்றமும் வந்திருக்காது, பொடியும் தேவைப்பட்டிருக்காது. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால், வாளியில் எந்தத் தொல்லை வந்தாலும் காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மட்குவதும் அழுகுவதும்

காய்கறித் தோலை எங்கே போட்டாலும் நுண்ணுயிர்கள் அதைத் தின்றே தீரும். காற்று கிடைக்கும் இடத்தில் ஒரு வகை நுண்ணுயிர்களும் காற்றில்லாத இடத்தில் வேறொரு வகையும் அந்த வேலையைச் செய்கின்றன. காற்றில் வாழ்பவை கழிவைத் தின்று கரியமில வாயுவையும் நீராவியையும் சூட்டையும் வெளியிடுகின்றன. இவை மூன்றுக்கும் மணம் கிடையாது. காற்றில்லாமல் வாழ்பவை வெளியிடுவது மீத்தேன், புளித்த வாடையுள்ள அமிலங்கள், அழுகிய முட்டைபோல் நாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலாவதை மட்குவது என்கிறோம், இரண்டாவதை அழுகுவது என்கிறோம்.

வெறும் காய்கறிக் கழிவைக் குவித்தால் அது தன் எடையாலேயே அமுங்கி, தண்ணீர் விட்டு, கூழாகிவிடும். கூழுக்குள் காற்று நுழையாது. சருகு இரண்டு வேலை செய்கிறது: துண்டுகளுக்கு நடுவே இடைவெளியைத் தாங்கிப் பிடிக்கிறது, மிஞ்சிய தண்ணீரைக் குடிக்கிறது. கிராமத்து எருக்குழி நாறாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். சாணம் மட்டும் கொட்டினால் அங்கேயும் நாறும். மாடு மிச்சம் வைத்த வைக்கோல், தட்டை, வாசல் பெருக்கிய இலைதழை எல்லாம் சாணத்தோடு கலந்து விழுவதால் காற்று உள்ளே போகிறது. 1920களில் இந்தூரில் ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் உருவாக்கிய ‘இந்தூர் முறை’யும் பண்ணைச் சருகு, தட்டைகளைச் சாணத்தோடு மாற்றி மாற்றி அடுக்கி, அவ்வப்போது புரட்டிவிடுவதுதான்.

ஊர்க் குப்பைமேட்டில் நடப்பதோ முழுக்க அழுகல். இந்திய நகரங்களின் குப்பையில் ஏறக்குறைய பாதி மட்கக்கூடியது. அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பல அடி உயரத்துக்குக் குவியும்போது உள்ளே காற்று போக வழியில்லை. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேன் அதிலிருந்து கிளம்புகிறது. அது எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து, அணைக்கப் பல நாள் ஆனது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூரிலும் அப்படியே. பெருங்குடி மேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அங்கே கசியும் கறுப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு இழப்பு பலர் கண்ணுக்குப் படுவதே இல்லை. சாம்பார் ஊற்றிய அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் எடுக்க மாட்டார்கள். ஈரக் கழிவைத் தனியே பிரித்துவிட்டால் மிச்சமிருக்கும் காகிதம், அட்டை, பால் கவர், பாட்டில் அத்தனையும் சுத்தமாக மறுசுழற்சிக்குப் போகும். கலந்துவிட்டால் எல்லாமே குப்பை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

நுண்ணுயிர்களுக்குத் தெம்புக்குக் கார்பன் வேண்டும், உடம்பை வளர்க்கத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். காய்கறிக் கழிவில் இந்த விகிதம் 15 முதல் 20 பங்குதான். காய்ந்த இலைகளில் 40 முதல் 80. தென்னை நார்க்கழிவில் சுமார் 100. மரத்தூளில் 200-க்கும் மேல். தழைச்சத்து மிஞ்சினால் அது அம்மோனியாவாகப் பறந்து மூக்கில் ஏறும். கார்பன் மிஞ்சினால் நாற்றம் வராது, ஆனால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. காபிச் சக்கை பழுப்பாக இருந்தாலும் தழைச்சத்து மிகுந்தது. டீத்தூளும் சாணமும் அப்படியே. இவற்றை ஈரக் கழிவோடுதான் சேர்த்துக் கணக்கிட வேண்டும், சருகுக்குப் பதிலாக அல்ல.

விகிதத்தைவிட நம் வீடுகளில் பெரிய சிக்கல் ஈரம். ஒரு கிலோ காய்கறிக் கழிவில் 800 கிராம் வெறும் தண்ணீர். வாளிக்குள் ஈரம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு கிலோவோடு நன்கு காய்ந்த சருகு 400 கிராம் சேர்த்தால், சருகிலுள்ள கொஞ்ச ஈரத்தையும் சேர்த்து மொத்தம் 1,400 கிராமில் தண்ணீர் சுமார் 840 கிராம். சரியாக 60 சதவீதம். நொறுக்கிய சருகில் 400 கிராம் என்பது இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரும். ஒரு கிலோ கழிவு இரண்டு லிட்டர் இடத்தை அடைக்கும். ஆகவே கையளவாகச் சொன்னால், ஒரு டப்பா கழிவுக்கு ஒரு டப்பா நொறுக்கிய சருகு கட்டாயம். ஒன்றரை டப்பா போட்டால் இன்னும் நல்லது. நொறுக்காத முழு இலை என்றால் மூன்று டப்பாவாவது வேண்டும்.

சருகுக்கு எங்கே போவது?

இதுதான் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி. வாளி வாங்குவதற்கு முன் சருகு சேருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு முக்கால் முதல் ஒரு கிலோ ஈரக் கழிவு சேரும். அதற்கு மாதம் சுமார் 10 கிலோ சருகு செலவாகும். 25 கிலோ அரிசிச் சாக்கில் நொறுக்கி அமுக்கினால் சுமார் 6 கிலோ பிடிக்கும். மாதத்துக்கு இரண்டு சாக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

மாசி, பங்குனியில் வேம்பும் தூங்குமூஞ்சியும் இலை கொட்டும். தெருவெல்லாம் குவியும் அந்த இலையைப் பல ஊர்களில் ஓரமாகக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். புகையில் மூச்சுத் திணறுவது ஒருபுறம். ஒரு வருடத்துக்கான கார்பன் அரைமணி நேரத்தில் சாம்பலாகிறது என்பது இன்னொரு புறம். பெருக்க வருபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, சாக்கைக் கொடுத்து வைத்தால் போதும். அந்த இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு சாக்கு கட்டி மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட்டால் ஐப்பசி அடைமழையில் கவலை இல்லை. சாக்கில் கட்டும் முன் இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு கட்டினால் சாக்குக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும்.

வேப்பிலை, தூங்குமூஞ்சி, புங்கை, முருங்கை போன்ற மெல்லிய சின்ன இலைகள் மிக நல்லவை, நொறுக்கவே வேண்டாம். மா, பலா, தேக்கு, வாதுமை இலைகள் தடித்தவை. காய்ந்தபின் சாக்கில் போட்டு மிதித்தால் பொடியாகும். பொடியாக்காமல் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தண்ணீரும் காற்றும் புகாத அடுக்காகிவிடும். சவுக்கு, தைல மரச் சருகை ஒதுக்கிவிடலாம், மட்கவே மட்காது என்ற அளவுக்கு மெதுவாகப் போகும்.

மரமே இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தென்னை நார்க்கழிவுதான் வழி. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளில் மலைபோல் குவிந்து கிடக்கும் இதே தூள்தான் கோகோபீட் என்ற பெயரில் கட்டியாக அழுத்தி விற்கப்படுகிறது. செடி வளர்க்கக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். உர வாளிக்கு அப்படிச் செய்தால் ஈரத்தோடு ஈரம் சேர்ந்து காரியம் கெட்டுவிடும். உதிரியாகக் கிடைக்கும் உலர்ந்த தூளை வாங்குங்கள். கட்டிதான் கிடைத்தது என்றால் லேசாகத் தண்ணீர் தெளித்து உதிர்த்து, வெயிலில் நன்கு காயவைத்த பிறகு பயன்படுத்துங்கள். நார்க்கழிவு தண்ணீரை நன்றாகக் குடிக்கும், ஆனால் பொடியாக இருப்பதால் இடைவெளியைத் தாங்காது. அதோடு கிழித்த அட்டைப்பெட்டித் துண்டுகளையோ உலர்ந்த கரும்புச் சக்கையையோ பாதிக்குப் பாதி கலந்துகொள்வது நல்லது. செய்தித்தாள் போடலாம், பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம்.

வாளி

நான்கு பேர் குடும்பத்துக்கு 60 லிட்டர் டிரம் மூன்று. முதலாவது நிரம்ப ஒரு மாதம் ஆகும். அதை மூடி ஓய்வுக்கு விட்டு இரண்டாவதைத் தொடங்கலாம். மூன்றாவதும் நிரம்பும்போது முதலாவதுக்கு இரண்டு மாத ஓய்வு முடிந்திருக்கும். ஒருவர் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளிகள் போதும், நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். மண்தொட்டி கிடைத்தால் இன்னும் மேல், அதன் சுவரே கொஞ்சம் மூச்சு விடும். விலையும் எடையும் கூடுதல்.

பக்கவாட்டில் 4 அங்குலத்துக்கு ஒன்றாக 6 முதல் 8 மில்லிமீட்டர் துளைகள் போடுங்கள். ட்ரில் இல்லாவிட்டால் பழைய கம்பியைச் சூடாக்கிக் குத்தலாம். பிளாஸ்டிக் புகை நல்லதல்ல என்பதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். அடியில் எட்டுப் பத்துத் துளைகள். வெளிப்புறம் கொசுவலை சுற்றிக் கட்டினால் ஈ நுழையாது. வாளியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு தட்டு. நேர் வெயிலும் படக் கூடாது, மழையும் படக் கூடாது. மாடியில் வைப்பதானால் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைக்கலாம்.

வாளியின் அடியில் 3 அங்குலத்துக்குக் குச்சி, தேங்காய் நார், கொத்துமல்லித் தண்டு காய்ந்தது போன்றவற்றைப் பரப்பிவிடுங்கள். இதைச் சிலர் தேவையில்லாத வேலை என்று விட்டுவிடுவார்கள். இந்த அடுக்கு இல்லாவிட்டால் அடித்துளைகளைக் கூழ் அடைத்துவிடும். கீழிருந்து மேலே ஏற வேண்டிய காற்று நின்றுபோகும்.

தினமும் செய்வது

சமையலறையில் தோல், தண்டு எல்லாவற்றையும் ஒரு வடிதட்டில் போட்டு வைத்து, இரவில் ஒரே தடவையாக வாளிக்குக் கொண்டுபோங்கள். அதற்குள் பெருமளவு தண்ணீர் வடிந்துவிடும். அரிசி கழுவிய தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் நேராகச் செடிக்கு ஊற்றிவிடுங்கள், வாளிக்கு அது எதிரி. பெரிய துண்டுகளை ஓர் அங்குலத்துக்கு நறுக்கினால் போதும். சிலர் மிக்சியில் அரைத்துப் போடுகிறார்கள். சீக்கிரம் மட்கும் என்ற எண்ணம், ஆனால் கூழாகிக் காற்று அடைபட்டுச் சீக்கிரம் அழுகத்தான் செய்யும்.

கழிவைப் போட்டதும் அதே டப்பாவால் சருகை அளந்து போட்டு, சின்னக் கைக்கொத்தாலோ குச்சியாலோ மேல் அரையடியைக் கிளறிவிடுங்கள். அதன்மேல் வெறும் சருகை இரண்டு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். காய்கறித் தோல் கண்ணுக்குத் தெரியவே கூடாது. தோல் தெரிகிறது என்றால் ஈக்கும் தெரிகிறது. வாரம் இரண்டு முறை அடிவரை கிளறிவிட வேண்டும்.

முதல் தடவை தொடங்கும்போது ஏற்கெனவே மட்கிய உரமோ, தோட்டத்து மேல்மண்ணோ இரண்டு கைப்பிடி போடுங்கள். சாணம் கிடைத்தால் ஓர் எலுமிச்சம்பழ அளவு கரைத்துத் தெளிக்கலாம். புளித்த மோர் தெளிப்பது பரவலான வழக்கம். கால் டம்ளருக்கு மேல் வேண்டாம், அதுவும் தண்ணீர்தான். காய்கறித் தோலிலும் இலையிலும் மண்ணிலும் தேவையான நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பொடியைக் கொட்டிக் கொட்டி எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட அந்தக் காசுக்கு ஒரு சாக்கு நார்க்கழிவு வாங்குவது புத்திசாலித்தனம்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்தால் சரி. பிழிந்து உதறிய துணிபோல் இருக்க வேண்டும். தண்ணீர் ஒழுகினால் சருகு குறைவு. பிடித்த உருண்டை உடனே உதிர்ந்துவிட்டால் காய்ந்துவிட்டது, ஒரு டம்ளர் தண்ணீர் தெளியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இது அடிக்கடி நடக்கும்.

எது போகலாம், எது கூடாது

காய்கறி, பழத்தோல், டீத்தூள், காபிச் சக்கை, பூஜைப் பூ, நார் நீக்கிய மாலை, கிழித்த வாழை இலை, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் போகலாம். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் அளவோடு. வெங்காயச் சருகு தாராளமாக. மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை, மாங்கொட்டை, சோளக்கொண்டை ஆகியவை மட்கும், ஆனால் பல மாதம் எடுக்கும். சலிக்கும்போது எடுத்து அடுத்த வாளியில் போட்டுவிடலாம். தேங்காய்ச் சிரட்டையும் இளநீர்க் கூடும் வேண்டாம்.

மிஞ்சிய சோறு போடலாமா என்பது எல்லோரும் கேட்பது. ஒரு கைப்பிடி போடலாம், தண்ணீரை ஒட்ட வடித்து, உதிர்த்து, இரண்டு மடங்கு சருகில் புரட்டிப் போட வேண்டும். கட்டியாகப் போட்டால் ஒரு வாரம் கழித்தும் உள்ளே வெள்ளையாக, புளித்த உருண்டையாக அப்படியே இருக்கும். குழம்பு, எண்ணெய்ப் பலகாரம், பால், தயிர், மீன், இறைச்சி, எலும்பு இவற்றைச் சின்ன வாளியில் போடாதீர்கள். மட்காது என்பதற்காக அல்ல. எலியும் பெருச்சாளியும் ஒரு நாளில் மோப்பம் பிடித்துவிடும், எண்ணெய் துண்டுகளைப் பூசிக்கொண்டு காற்றைத் தடுக்கும். இந்தக் கழிவு நிறைய சேரும் வீட்டுக்கும் உணவகத்துக்கும் சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய முறைதான் பொருத்தம். அங்கே காற்றில்லாமல் உண்டாகும் மீத்தேன் அடுப்புக்குப் போகிறது.

நாய், பூனைக் கழிவு, டயப்பர், மாதவிடாய் நாப்கின், மருந்து ஒருபோதும் கூடாது. காகிதக் கப்பைப் போட்டுவிட்டு காகிதம்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, காகிதம் மட்கியபின் அந்தப் படலம் மட்டும் உரத்தில் கிடக்கும். ‘மட்கக்கூடியது’ என்று அச்சிட்ட பைகளும் பெரிய உரக்கூடங்களின் நீடித்த சூட்டில் மட்கும்படி செய்யப்பட்டவை, வீட்டு வாளியில் அந்தச் சூடு வராது. ஆப்பிள் தோலில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள்.

கெட்டுப்போனால்

அழுகிய முட்டை நாற்றமோ புளித்த வாடையோ வந்தால் காற்று இல்லை. எல்லாவற்றையும் ஒரு பழைய தார்ப்பாயில் கொட்டி, கட்டிகளை உடைத்து, இருப்பதில் பாதியளவு சருகு கலந்து, அரைநாள் நிழலில் ஆறவிட்டுத் திரும்ப நிரப்புங்கள். அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அடைத்துத்தான் இருக்கும். மேலே கொஞ்சம் சருகு தூவினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், நாற்றம் கிளம்புவது அடியிலிருந்து. கழிப்பறை வாடைபோல் அம்மோனியா மூக்கில் ஏறினால் தழைச்சத்து மிச்சம். காபிச் சக்கை, சாணம், கீரை அதிகம் போன வாரங்களில் இது வரும். அதற்கும் சருகுதான் மருந்து. இங்கே சாம்பலோ சுண்ணாம்போ தூவக் கூடாது. அவை அம்மோனியாவை இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும், உரத்தில் தங்க வேண்டிய சத்து காற்றில் போய்விடும்.

புழுவைக் கண்டு வாளியையே தூக்கி எறிபவர்கள் மிக அதிகம். கொஞ்சம் பொறுமையாக உற்றுப் பாருங்கள். விரல் நகத்தைவிடச் சற்று நீளமாக, தட்டையாக, வரிவரியாக, வெளிர் நிறத்திலிருந்து நாளாக ஆகக் கரும்பழுப்புக்கு மாறும் தடித்த புழு என்றால் அது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. உங்கள் வேலையைத்தான் அது செய்துகொண்டிருக்கிறது. ஒரு வாரக் கழிவை இரண்டே நாளில் தின்றுவிடும். வளர்ந்த ஈக்கு உணவு மேயும் பழக்கம் இல்லை, வீட்டு ஈபோல் சாப்பாட்டில் வந்து உட்காராது, நோய் பரப்பாது. கூட்டுப்புழுவாகும் பருவத்தில் இருண்ட உலர்ந்த இடம் தேடிப் புழு வாளியை விட்டு ஏறி வெளியே வரும்; வீட்டிலிருப்பவர்கள் அலறுவது அப்போதுதான். சருகைக் கூட்டினால் இரண்டு வாரத்தில் எண்ணிக்கை குறைந்துவிடும். சின்னதாக, வெள்ளையாக, ஒரு முனை கூராக இருப்பவை வீட்டு ஈயின் புழு. மேல் மூடாக்கு போதவில்லை என்று அர்த்தம்.

கண்முன் சுற்றும் பழ ஈ வாழைப்பழத் தோலோடு முட்டையாகவே வந்து சேர்கிறது. தோலை நறுக்கி ஒரு நாள் வெயிலில் காயவைத்தோ, நடுவில் குழிதோண்டிப் புதைத்தோ போட்டால் பெருகாது. எறும்பு வந்தால் வாளி காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். எறும்புப் பொடி போட்டுவிடாதீர்கள், அந்த நஞ்சு உரத்தோடு கீரைப் பாத்திக்குப் போகும். வெள்ளை நூல்போல் பூஞ்சை படர்ந்தால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று பொருள்.

எதுவுமே நடக்காமல் ஒரு மாதம் சருகு சருகாகவே இருந்தால் இரண்டில் ஒன்று: காய்ந்திருக்கிறது, அல்லது தழைச்சத்து போதவில்லை. ஈரத்தைப் பிழிந்து பார்த்து, சரியாக இருந்தால் சாணக் கரைசலோ காபிச் சக்கையோ சேர்த்துக் கிளறுங்கள்.

சூடாகவில்லையே என்றும் கவலைப்படுகிறார்கள். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரக் குவியல் இருந்தால்தான் உள்ளே பிறக்கும் சூடு வெளியேறாமல் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மூன்று நாள் அந்தச் சூட்டில் நின்றால் களைவிதையும் நோய்க்கிருமியும் மடியும். வாளியில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும், அவ்வளவுதான். அதனால்தான் வீட்டு உரத்தைத் தொட்டியில் போட்டதும் தக்காளியும் பூசணியும் பாகலும் தானாக முளைக்கின்றன. குறையொன்றும் இல்லை, வேண்டாததைப் பிடுங்கிவிடலாம். நாய், பூனைக் கழிவைத் தவிர்க்கச் சொல்வதும் இந்தச் சூடு இல்லாததால்தான்.

முதிர்ந்ததா?

நிரம்பிய வாளியை வாரம் ஒரு முறை கிளறி, ஈரம் பார்த்து 45 முதல் 60 நாள் விடுங்கள். அளவு மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கும், தோல் எது இலை எது என்று அடையாளம் தெரியாது, முதல் மழைக்கு எழும் மண்வாசனை வரும். அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை மண்ணிலுள்ள ஆக்டினோமைசீட் நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன; அவை பெருகுவது மட்குதலின் கடைசிக் கட்டத்தில்.

பார்வைக்குக் கறுப்பாக இருப்பதாலேயே முதிர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கைப்பிடியை ஈரமாக்கி, காற்றுப்புகாத பையில் போட்டு மூன்று நாள் மூடி வையுங்கள். திறக்கும்போது புளித்த வாடையோ அம்மோனியாவோ வந்தால் இன்னும் இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். இன்னொரு சோதனை, பாதி உரம் பாதி மண் கலந்து பத்துப் பச்சைப்பயறு விதைப்பது. குறைந்தது எட்டு முளைத்து நேராக நிமிர்ந்தால் நம்பிப் போடலாம். வேர் பழுப்பேறிச் சுருண்டால் அமிலம் மிச்சமிருக்கிறது. முதிராத உரம் மண்ணுக்குள் போயும் மட்கிக்கொண்டே இருக்கும். அப்போது அது வேருக்குச் சேர வேண்டிய தழைச்சத்தையும் காற்றையும் பிடுங்கிக்கொள்ளும். செடி மஞ்சளாகிப்போனதும் உரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழி சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சலித்துக்கொள்ள 5 அல்லது 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை போதும். ஈரமாக இருந்தால் சல்லடை அடைக்கும். நிழலில் ஒரு நாள் உலர்த்திச் சலியுங்கள். 30 கிலோ கழிவும் 10 கிலோ சருகும் போட்ட வாளியிலிருந்து ஏறக்குறைய 10 கிலோ உரம் வரும்.

எவ்வளவு போடலாம்?

இந்த உரத்தில் தழைச்சத்து 1 முதல் 2 சதவீதம்தான். யூரியாவில் 46. அதனால் ஒரு வாரத்தில் செடி கிடுகிடுவென வளரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இதன் அருமை வேறு இடத்தில்: மணல் மண்ணில் தண்ணீரைப் பிடித்துவைக்கும், களிமண்ணை இளக்கிக் காற்று புகவிடும், மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீனியாகும். சித்திரை வெயிலில் மாடித்தோட்டத்துச் செடிப்பை மாலைக்குள் வாடாமல் நிற்பதில் வித்தியாசம் தெரியும்.

செடிப்பைக்குக் கலவை தயாரிக்கும்போது நான்கில் ஒரு பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு உரம். வெறும் உரத்திலேயே செடி வைத்தால் அது அமுங்கி இறங்கி வேர் வெளியே தெரியும், உப்பும் சேரும். வளர்ந்த செடிக்கு மாதம் இரண்டு கைப்பிடி, மேல்மண்ணைக் கொத்திக் கலந்து, உடனே தண்ணீர். தக்காளி, கத்தரி, மிளகாய் போல நிறையத் தின்னும் செடிகளுக்குப் பூக்கும் சமயத்தில் இன்னொரு பிடி; கற்றாழை, கள்ளி வகைகளுக்கு வருடத்தில் ஒரு தடவையே மிகுதி.

தொட்டிகளுக்குப் போட்டும் மிஞ்சினால் தெருவோர மரங்களுக்குப் போடுங்கள். வேர் பரந்திருக்கும் வட்டத்தில் ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பினால் போதும். தண்டை ஒட்டிக் குவித்தால் ஈரத்தில் பட்டை அழுகும். நாலு விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள்.